கொம்பு தவறிய மேளம்: தோட்டப் பட்டணத்திலிருந்து வடிவமைப்புத் தொழிலுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் போன வருடம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பெரிய பேனர் கட்டினார்கள். 20 அடி நீளம். அம்மன் படம் பளிச்சென்று இருந்தது, நிறத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘மேளம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ம தனியாக நின்றது. அதன் இரட்டைக்கொம்பு தாண்டிப்போய் ள-வுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. படித்தால் ‘மளேம்’. ‘திருவிழா’வில் ரு-வின் சுழி கழன்று ர-வுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் கிடந்தது. ‘கோயில்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 30 வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேனர் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “எனக்குத்தான் படிக்க மறந்துபோச்சாம்மா?”

அந்தக் கேள்வி எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. வடிவமைப்பு வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அச்சுக்கடையில் பத்திரிகை அடிக்கத் தொடங்கி, பிறகு கோலாலம்பூரில் விளம்பர நிறுவனம், அப்புறம் இணையதள வேலை என்று சுற்றி, இப்போது ஊருக்கே திரும்பி வந்து வீட்டிலிருந்து செய்கிறேன். அந்த வாரமே அடுத்த தெருப் பெண் ஒருத்தி, எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு முடித்தவள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, கிராஃபிக் டிசைன் படிக்கலாம்னு இருக்கேன்” என்றாள். அவளுடைய அம்மா, “கம்ப்யூட்டர்ல படம் போடுற வேலைதானே தங்கச்சி, அதுல சோறு கிடைக்குமா?” என்றார்.

கிடைக்கும். ஆனால் எந்த வேலையில் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லோகோ வரைய, போஸ்டர் செய்ய, இணையப் பக்கத்துக்கு முகப்பு அமைக்கத் தெரிந்தவர்கள் கோலாலம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் நான்கும் ஒரே தாளில் வரும் வேலை இந்த நாட்டில் தினமும் நடக்கிறது: மருத்துவமனை அறிவிப்பு, வங்கித் துண்டறிக்கை, தேர்தல் சுவரொட்டி, உணவுப் பொட்டலம். அதில் தமிழ் வரி உடைந்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லாததை நான் வேலை பார்த்த இடங்களில் திரும்பத் திரும்பக் கண்டேன். தோட்டப் பட்டணத்தில் வளர்ந்து தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையிடம் அந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் தொழில்நுட்ப அறிவைச் சேர்த்துவிட்டால் அதுவே மூலதனம்.

எழுத்து ஏன் உடைகிறது

முதலில் அந்தப் பேனருக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். இது புரியாமல் தமிழ் வடிவமைப்பில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது என்பது என் எண்ணம்.

கணினி எழுத்தைச் சேமிக்கும் வரிசை வேறு, நாம் கண்ணால் பார்க்கும் வரிசை வேறு. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் குறியீடு கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘மே’ என்று தட்டினால் கணினிக்குள் முதலில் ம போகிறது, அப்புறம்தான் இரட்டைக்கொம்பு போகிறது. நாம் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி ம-வுக்கு முன்னால் வைப்பது வேறொரு நிரலின் வேலை. ‘கோ’ இன்னும் சிக்கல். க-வுக்கு அப்புறம் ஓகாரக் குறி என்று இரண்டே குறியீடுகள்தான் உள்ளே இருக்கும். காட்டும்போது அந்த ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்க வேண்டும். கு, சு, மு, ரு போன்றவற்றில் உகரக் குறி தனியாக நிற்காது, மெய்யோடு உருகிப் புது வடிவம் எடுக்கும். இத்தனையையும் செய்யும் நிரலைத்தான் வடிவாக்க இயந்திரம் என்கிறோம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல இயந்திரம் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் தமிழ் அழகாகத் தெரிகிறது.

அதே வரியை நகலெடுத்துப் பழைய ஃபோட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ ஒட்டும்போதுதான் விபத்து. அந்த மென்பொருள்கள் லத்தீன் எழுத்துக்கென அமைந்த இயந்திரத்தோடு திறக்கும். உள்ளே இருக்கும் வரிசைப்படியே ம, கொம்பு, ள என்று வரிசையாக வைத்துவிடும். கொம்பு அடுத்த எழுத்துக்கு முன்னால் நிற்பதால் நம் கண் அதை அடுத்த எழுத்தோடு சேர்த்துப் படிக்கிறது. ‘மேளம்’ ‘மளேம்’ ஆவது இப்படித்தான். கொம்பும் சுழியும் இல்லாத ‘அம்மன்’, ‘பந்தல்’, ‘பக்தர்கள்’ போன்ற சொற்கள் தப்பித்துவிடும். அதனால் தமிழ் தெரியாத பையன் திரையைப் பார்த்து ஏதோ தமிழ் போலத்தான் இருக்கிறது என்று அச்சுக்கு அனுப்பிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மருந்து சின்னதுதான். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகையின் மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளில் ‘டைப்’ பகுதிக்குப் போய் இண்டிக் தேர்வுகளைக் காட்டச் சொல்லிவிட்டு, பத்திப் பலகையில் தெற்காசிய கம்போசரை எடுக்க வேண்டும். பழைய ஃபோட்டோஷாப்பிலும் எழுத்து இயந்திரத்தை மாற்றும் இடம் விருப்பத்தேர்வுகளில் இருக்கிறது. மூன்று சொடுக்கு. இந்த மூன்று சொடுக்கு தெரியாததால் எத்தனை கோயில் பேனர், எத்தனை நினைவஞ்சலி அட்டை, எத்தனை கல்யாணப் பத்திரிகை பாழாகியிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் எந்த அமைப்பையும் தொடாமலேயே தமிழ் சரியாக வரும். உலகத்து எழுத்துகள் எல்லாவற்றையும் கையாளும் நூலகத்தின் மேல் அவை கட்டப்பட்டிருப்பதுதான் காரணம். யாரோ பென்டிரைவில் கொடுத்த திருட்டு ஃபோட்டோஷாப்பை வைத்துக்கொண்டு தமிழை உடைப்பதைவிட, காசில்லாமல் நேர்மையாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் வேலை பழகுவது நல்லது. கணினி வாங்கவே கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாமினி விட்டுச் சென்ற பழக்கம்

அச்சுக்கடைகளில் இன்னும் ‘பாமினி’ எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் அதில்தான் கை பழகியது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி தட்ட வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிய வித்தை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். தேட முடியாது, பார்வையற்றவருக்குக் கணினி வாசித்துக் காட்டாது, இணையத்தில் போட்டால் யாருக்கும் உதவாது. ஆனால் அதில் கொம்பைத் தட்டச்சு இயந்திரம் போல முதலில் தட்டி, அப்புறம் மெய்யைத் தட்டலாம். எந்தப் பழைய மென்பொருளிலும் கொம்பு இடம் மாறாது. கடைக்காரர்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பிள்ளைகள் பழைய கோப்புகளை மாற்றித் தரும் வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ள-வுக்கும், காலுக்கும் ர-வுக்கும் குழப்பம் நேர்ந்த கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போதுதான் அகப்படாமல் போகும்.

இந்த இடத்தில் மலேசியர்கள் பெருமைப்பட ஒரு செய்தி சொல்ல வேண்டும். தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். ஆப்பிள் கணினிகளில் வரும் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருவின் பெயரில் இருக்கும் எம்.என். அவருடைய முதலெழுத்துகள்தான். கைப்பேசியில் தமிழ் தட்டும் செல்லினமும் அவர் கைவண்ணம். எழுத்துரு வடிவமைப்பு என்பது மும்பையிலோ லண்டனிலோ மட்டும் நடக்கும் வேலை என்று நினைக்கும் பிள்ளைக்கு, இங்கிருந்தே ஒருவர் உலகத்துக் கருவிகளில் தமிழ் எழுத்தை ஏற்றினார் என்று தெரிய வேண்டும்.

சின்ன இடம், நீண்ட சொல்

கடைப் பலகைக்கு வருவோம். ஊராட்சி மன்றத்தின் விளம்பர விதிகளின்படி பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். மற்ற மொழிகள் அதைவிடச் சின்னதாகத்தான் வரலாம். பலகையில் உள்ள மலாய் வாசகத்தை அரசாங்கத்தின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்த பிறகுதான் உரிமம் கிடைக்கும். ஆக, தமிழுக்கு மீதமாவது ஓர் ஓரத்து இடம். நம் சொற்களோ நீளம். ‘முடிதிருத்தும் நிலையம்’, ‘பலசரக்குக் கடை’, ‘நகை அடகுக் கடை’ எல்லாம் அகலமாக ஓடும். என்ன செய்கிறார்கள்? எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்குகிறார்கள். நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடியே இருக்கும். ண-வும் ன-வும் குழம்பும். சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குப் படிக்க ஒரு நொடிதான் இருக்கிறது.

நசுக்காமல் ஒடுக்குவதற்கு வழி உண்டு. முதலிலேயே ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்துருவை எடுக்க வேண்டும். ‘அனெக் தமிழ்’ என்று ஓர் எழுத்துரு இருக்கிறது. இந்தியாவின் ஏக் டைப் குழு செய்தது, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். அதில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஒடுக்கும்போது கோட்டின் கனம் கெடாதபடி வரைந்திருக்கிறார்கள். ஒருமுறை ஒரு பூக்கடைக்காரருக்கு அதை வைத்துப் பலகை செய்தேன். அதே இடத்தில் பழைய பலகையைவிட எழுத்து கால் பங்கு உயரமாக வந்தது. “என்ன தங்கச்சி, பலகையைப் பெருசாக்கிட்டியா?” என்று அளந்து பார்த்தார்.

அங்கேயே வேறு எழுத்துருக்களும் கிடைக்கும். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த ‘கட்டுமரான்’ ஒன்பது தடிமன்களில் வருகிறது. தமிழும் லத்தீனும் ஒரே கையில் வரையப்பட்டதால் மலாய் வரியும் தமிழ் வரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சண்டை போடாது. ‘முக்த மலர்’, ‘ஹிந்த் மதுரை’ இரண்டும் அமைதியானவை. படிவம், துண்டறிக்கை, செயலித் திரைக்கு நன்றாகப் பொருந்தும். புத்தகம் என்றால் ‘டிரோ தமிழ்’, ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ பார்க்கலாம். நோட்டோ குடும்பத்தின் பெயருக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. எழுத்துரு இல்லாதபோது திரையில் வரும் வெற்றுக் கட்டங்களை வடிவமைப்பாளர்கள் ‘டோஃபு’ என்பார்கள், நம் பசாரில் விற்கும் அதே தௌவு. டோஃபுவே வரக்கூடாது என்று எடுத்த முயற்சிதான் நோட்டோ. இவற்றில் பெரும்பாலானவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் வணிக வேலைக்கும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். ‘இலவசம்’ என்று எங்கோ பதிவிறக்கியதை எல்லாம் அப்படி நம்ப முடியாது. உரிமக் கோப்பைத் திறந்து படிக்காமல் வாடிக்கையாளர் வேலையில் ஏற்றினால் பின்னால் தலைவலி.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. ஆங்கிலத்தில் தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தாக்கி, இடைவெளியைக் கூட்டி அழகாக்குவார்கள். அதைத் தமிழில் செய்தால் சில மென்பொருள்களில் துணைக்கால் தன் மெய்யை விட்டுத் தனியே விலகி நிற்கும். தமிழில் அழுத்தம் கொடுக்கத் தடிமனும் நிறமும் சுற்றியுள்ள வெற்றிடமும் போதும். வரிகளுக்கிடையே இடம் தாராளமாக விட வேண்டும். மேலே சுழியும் புள்ளியும், கீழே கு, ழு போன்றவற்றின் வாலும் மோதாமல் இருக்க எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரி உயரம் வைப்பது என் வழக்கம்.

இணையப் பக்கத்தில் இன்னும் இரண்டு. எச்.டி.எம்.எல். கோப்பில் இந்தப் பகுதி தமிழ் என்று மொழிக் குறியைத் தவறாமல் கொடுக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலை எடுக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்கு நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்று உலகளாவிய அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போடும் ஆசை நம் பேனர்களில் மட்டும் இல்லை, இணையதளங்களிலும் இருக்கிறது. உலகளாவிய இணையக் கூட்டமைப்பான டபிள்யூ3சி, தமிழ் எழுத்துக்கு உலாவிகளில் எங்கெல்லாம் குறை இருக்கிறது என்று ஆவணமே வைத்திருக்கிறது. இணைய வடிவமைப்பில் ஆழமாகப் போக நினைக்கிறவர்கள் அதைப் படிக்கத்தான் வேண்டும்.

படிப்பு, கருவி, அச்சுக்கடை

எங்கே படிப்பது என்பதற்கு நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் தோட்டத்து வீடுகளுக்குப் பெரிய சுமை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கிப் படித்துப் பத்து வருடம் அடைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அரசாங்கத்தின் பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, மலேசியத் திறன் சான்றிதழ் வழி எல்லாவற்றையும் முதலில் விசாரித்துப் பாருங்கள். ஈப்போவில் இருக்கும் உங்கு ஒமார் பாலிடெக்னிக் 1969-இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். அங்கே நீங்கள் தேடும் பாடம் இருக்கிறதா, வேறு பாலிடெக்னிக்கில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள். முகப்பு வடிவமைப்புக்கு ஃபிக்மாவின் இலவசத் திட்டம் போதும். இணையப் பக்கம் கட்டும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். மொழிகள் இரண்டையும் மொஸில்லாவின் எம்.டி.என். ஆவணங்களிலிருந்து காசில்லாமல் கற்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நான் அப்படித்தான் படித்தேன்.

அச்சுக்கடையைப் பற்றி மட்டும் நிறையச் சொல்வேன். கல்லூரிக்குப் போகும் முன்போ, விடுமுறையிலோ ஊரில் உள்ள அச்சுக்கடையில் மூன்று மாதம் நில்லுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். ஆனால் திரையில் மின்னிய பச்சை தாளில் ஏன் மங்கிப்போகிறது என்று அங்கே ஒரே நாளில் புரியும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. திரையின் சில நிறங்கள் மையில் கிடையவே கிடையாது. வெட்டும் இயந்திரம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று வரும் என்பதால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படத்தை நீட்ட வேண்டும். பத்திரிகைக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும், தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு: கோப்பைக் கடைக்கு அனுப்பும் முன் தமிழ் எழுத்தை எல்லாம் ‘அவுட்லைன்’ ஆக்கிவிட வேண்டும். எழுத்து அப்போது வெறும் கோட்டுருவமாகிவிடும். கடைக்காரர் கணினியில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொம்பு அசையாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். ஏனென்றால் அவுட்லைன் ஆக்கிய எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திரும்பத் தட்ட முடியாது.

படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். சில வேலைகள் போகும், அதை மறைக்க மாட்டேன். சாதாரணப் பிறந்தநாள் அட்டைக்கு இனி யாரும் காசு தர மாட்டார்கள். ஆனால் அந்தக் கருவி செய்த படத்துக்குள் தமிழ் எழுத்து வந்தால் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். இல்லாத எழுத்தையே வரைந்து வைத்திருப்பதை நான் பலமுறை பிடித்திருக்கிறேன். அதைப் பிடிக்கவும் ஆள் வேண்டும்.

காசும் உரிமையும்

இந்தப் பகுதியை எழுதும்போது கை கொஞ்சம் கனக்கிறது. தொழிலின் தொடக்கத்தில் ஒரு தின்பண்ட நிறுவனத்துக்குச் சின்னம் வரைந்து கொடுத்தேன், 150 வெள்ளிக்கு. இரண்டு வருடம் கழித்து அது லாரியிலும் டின்னிலும் காலண்டரிலும் ஓடியது. கூடுதலாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டபோது, காசு கொடுத்தாயிற்று, எங்களுடையது என்றார்கள். கோபத்தோடு சட்டத்தைத் தேடிப் படித்தேன். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன் 26-ஆம் பிரிவு அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஒருவர் கேட்டு, அவருக்காகச் செய்து கொடுத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவருக்கே போய்ச் சேரும். நான் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் கதை மாறியிருக்கும்.

ஆகவே எழுதி வாங்குங்கள். வக்கீல் வேண்டாம், வாட்ஸ்அப்பில் இருந்தாலும் பேசியதற்குத் தடயம் இருக்கும். என்ன வேலை, எத்தனை வடிவம் காட்டுவேன், எத்தனை முறை திருத்துவேன், எங்கெங்கே பயன்படுத்தலாம், மூலக் கோப்பு கொடுப்பேனா மாட்டேனா, இவ்வளவையும் தொடங்கும் முன் எழுதி, ‘சரி’ என்று அவரிடமிருந்து பதில் வாங்க வேண்டும். பாதிப் பணம் முன்னால். தெரிந்தவர், சொந்தக்காரர், கோயில் தலைவர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும். கோயிலுக்கு இலவசமாகவே செய்ய நினைத்தால் செய்யுங்கள், நானும் செய்கிறேன். ஆனால் அதற்கும் விலை போட்ட ரசீது ஒன்றைக் கொடுத்து, கீழே ‘நன்கொடை’ என்று எழுதுங்கள். வேலைக்கு ஒரு விலை இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

சொந்தமாகச் செய்யத் தொடங்கினால் எஸ்.எஸ்.எம். என்ற நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு, பள்ளி, அரசாங்க அலுவலக வேலைகள் எல்லாவற்றுக்கும் வழி திறக்கும். சம்பளக்காரருக்கு ஈ.பி.எஃப். சேமநிதிக்குத் தானாகப் பிடிப்பார்கள். நமக்கு யாரும் பிடிக்க மாட்டார்கள். அதே சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் நாமே போட்டால் அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான சொக்சோ சமூகப் பாதுகாப்புக்கு 2017-இல் தனிச் சட்டமே வந்தது. மரம் வெட்டிய நம் பெற்றோருக்குத் தொழிற்சங்கம் போராடி வாங்கித் தந்ததை, வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் நாம் நாமாகவே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலை மாதிரித் தொகுப்பு பற்றியும் கேட்பார்கள். முப்பது போஸ்டர் வேண்டாம். மூன்று வேலை போதும், ஆனால் மூன்றும் பல மொழியில் இருக்கட்டும். ஓர் எளிய உதாரணம்: ஊர் மருந்தகத்தின் மருந்து உறை. காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்பதை மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் 70 வயதுப் பாட்டிக்குப் புரியும்படி அமைத்துக் காட்டுங்கள். முதலில் எப்படி இருந்தது, யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள், அவர் எங்கே தடுமாறினார், அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்று எழுதிச் சேருங்கள். ஆள் எடுக்க உட்காரும்போது நான் தேடுவது அந்தத் தடுமாறிய இடத்தைத்தான்.

எங்கே பார்ப்பது

பின்டரெஸ்ட், பிஹான்ஸ் போன்ற படத் தளங்களை எல்லாம் பாருங்கள். அங்கே கண் பழகும். ஆனால் அங்கிருப்பது பெரும்பாலும் லத்தீன் எழுத்தின் அழகு. தமிழ் எழுத்தின் அழகுக்கு நம் தோட்டத்துக் கோயில்களைச் சுற்றி வாருங்கள். பெயிண்டர்கள் தூரிகையால் எழுதிய பழைய பலகைகளில் யானைத் தும்பிக்கை போட்ட ‘லை’யும் ‘னை’யும் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு அச்சிலிருந்து மெல்ல மறைந்த வடிவங்கள் அவை. யூனிகோடில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றே. எந்த வடிவத்தில் காட்டுவது என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. அப்படியென்றால் அந்தத் தும்பிக்கையை மறுபடி உயிர்ப்பிக்க ஓர் எழுத்துரு வடிவமைப்பாளர் போதும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோயில் மணியடிக்கும் தூணில் நன்கொடையாளர் பெயர்களைச் சிமென்ட் ஈரத்திலேயே கீறி எழுதியிருக்கிறார்கள். ஆணியால் கீறியிருக்க வேண்டும். வளைவுகள் எல்லாம் உடைந்து உடைந்து நேர்கோடாகியிருக்கின்றன. ழ-வின் வால் மட்டும் ஒரே இழுப்பில் கீழே இறங்குகிறது. அதைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன். செம்பனை நடுவதற்காக அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய பிரதிகள் வீட்டுப் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதன் தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். இப்படிப்பட்டவற்றைச் சேர்ப்பதைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 2008-இல் தொடங்கிய மலேசியா டிசைன் ஆர்கைவ் இந்த நாட்டின் காட்சி வரலாற்றை இப்படித்தான் சேர்த்து வருகிறது. ஹுருஃப் என்ற குழு உள்ளூர்ப் பலகை எழுத்துகளைப் பதிவு செய்கிறது. தோட்டத்துத் தமிழ் எழுத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க நம்மில் யாராவது போக வேண்டும்.

அடுத்த தெருப் பெண் இப்போது வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்கு வருகிறாள். இங்க்ஸ்கேப் கைக்கு வந்துவிட்டது. போன மாதம் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பந்திங், அதாவது நெட்டாகத் தொங்கும் பேனர், கேட்டது, 2 அடிக்கு 5 அடி. அனெக் தமிழில் தலைப்பு, கட்டுமரானில் மீதி, எல்லாவற்றையும் அவுட்லைன் ஆக்கி, கடைக்கு அனுப்பும் முன் ஏ4 தாளில் ஒரு மாதிரி எடுத்து என் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை எங்கேயும் நிற்காமல் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சனிக்கிழமைன்னு போட்டிருக்கே ஆயி, எந்தச் சனிக்கிழமை? தேதியக் காணமே” என்றார். அவள் தாளை வாங்கிக்கொண்டு மூலக் கோப்பைத் திறக்க ஓடினாள்.